அவர் விடாத பழக்கம்

இந்த வாசனை ஆம்ப்ரோஸ் கலக்கிய மூக்குப்பொடிதான். இந்தக் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது.

தாமசின் என்பவள் தன் முகத்தை லேசாகத் திருப்பினாள். இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு நிற்கும்போது அதைத்தான் திருப்ப முடியும். கித்தான் அங்கி நீரை வாங்கி உப்பியிருந்தது.

இரண்டு எட்டு தள்ளி அவர் மனைவி லெட்டிஸ் நின்றிருந்தாள். அவள் கையில் கட்டிய நாடாவின் நுனியில் ஒரு கிண்ணம் மிதந்தது. அதில் கைக்குட்டை, சிறு பூச்செண்டு, மூடி திறந்த மூக்குப்பொடி டப்பி.

நடனக் கூடத்தில் என்றால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் போயிருப்பார்கள். நீருக்குள் எல்லோருக்கும் ஒரே பழுப்பு அங்கி, ஒரே சிவந்த முகம். இங்கே யாரும் யாரிடமும் பேசலாம்.

தாமசினின் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துதான் ஆம்ப்ரோஸ் பொடி பிசைவார். ஆரஞ்சுப்பூ நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குழந்தைக்கு மருந்து கலக்குகிற கவனத்தோடு. அவள் ஒரு சிட்டிகை கேட்டால் தர மாட்டார். உனக்குத் தாங்காது என்பார்.

இவளுக்குத் தாங்குகிறது. டப்பி நிறையத் தாங்குகிறது.

லெட்டிஸ் ஒரு சிட்டிகை இழுத்துவிட்டுக் குளமே அதிரத் தும்மினாள். பிறகு தும்மலுக்கே சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. தன்னைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

இந்தக் குழியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார் போலும். ஈஸ்டருக்குப் பிறகு தாமசினின் மேஜையில் அவர் ஒரு வாய் தேநீர் குடிக்கவில்லை.

லெட்டிஸ் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்குங்க அக்கா."

அக்காவாம்.

தாமசின் தன் கையை நீட்டவில்லை. கிண்ணம் அவள் தோளில் இடித்து நின்றது. லெட்டிஸ் நீரைத் தள்ளிக்கொண்டு அருகில் வந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"அவரு காய்ச்சல்லேருந்து எழுந்ததும் ஒரு பிரசங்கியார் பின்னாடி போக ஆரம்பிச்சாரு. ஒயினை விட்டாச்சு, சீட்டை விட்டாச்சு, உங்களையும் விட்டாச்சு. பொடி ஒண்ணைத்தான் விட மனசு வரல. பொழுதன்னிக்கும் என் எதிர்லயே உக்காந்து பாவம், நரகம்னு ஒரே பாட்டு. என் சீட்டு மேஜையைக்கூடப் பரண்ல போட்டுட்டாரு. மோதிரம் மாட்டிக்கிட்டவ, நான் எங்க போவேன்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"முன்ன மாதிரி வியாழக்கிழமையாவது அவரை உங்க வீட்டுக்குக் கூப்பிட்டுக்குங்க. நீங்க ஆள் அனுப்பினா ஓடி வந்துடுவாரு. நான் எப்பவும் போலக் கண்டுக்க மாட்டேன்."

ஓடி வந்துவிடுவார். அதில் தாமசினுக்கும் சந்தேகமில்லை.

ஒயின், சீட்டு, அதற்கடுத்து அவள். ஒரு சிட்டிகைப் பொடிக்குக் கிடைத்த சலுகை அத்தனை வருஷப் பழக்கத்துக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவளை எரித்தது பொடி அல்ல. மனைவியைக் கெட்ட பழக்கம் என்று எந்தப் பிரசங்கியாரும் விடச் சொல்வதில்லை. திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அவர் போய் உட்காரும் இடம் இவளுக்கு எதிரில்தான். இவளுக்கோ அது அலுத்துவிட்டது.

அந்த அலுப்பின்மீது பட்டதுபோல் வேறு எதன்மீதும் தாமசின் பொறாமைப்பட்டதில்லை.

இத்தனை காலம் திருடிக்கொண்டிருந்ததை, உடையவள் இப்போது இரண்டு கையாலும் எடுத்து நீட்டுகிறாள். உடுத்திச் சலித்த கவுனைப் பணிப்பெண்ணிடம் நீட்டுவதுபோல.

தாமசின் தன் தோளில் இடித்த கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டாள்.

"வேண்டாம்மா," என்றாள் மெதுவாக. "அவரை நீயே வச்சுக்கோ."