மெம்பரின் முகம்

"இது அவரு மொகம் இல்லீங்கண்ணே," என்றாள் ராமாத்தாள்.

ஓவியர் வடிவேலுவுக்குச் சுருக்கென்றது. மலாக்கா டவுனில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் கைவண்ணம். முகம் வரைவதிலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். மற்றவர்கள் எண்ணம் என்னவென்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

படத்தில் இருந்தவர் போன மாதம் காலமான கவுன்சில் மெம்பர் விஜயரட்ணம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குடிதண்ணீர் என்று கவுன்சிலில் பத்து வருஷம் மல்லுக்கு நின்ற மனிதர். மறுநாள் நினைவுக் கூட்டத்தில் படம் திறக்க ஏற்பாடு. கூட்டத்துக்குப் போகத் தோட்டத்தில் லீவு தரமாட்டார்கள் என்பதால், மெர்லிமாவ் பக்கம் ரப்பர் பால்வெட்டும் இந்த ராமாத்தாள் ஓய்வுநாளான இன்றே பஸ் ஏறி வந்துவிட்டாள். ஐயா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சியதால் வடிவேலுவும் துணியை விலக்கிக் காட்டினார். அழுவாள் என்று பார்த்தால், குறை சொல்கிறாள்.

"நல்லாப் பாரு லா. அவரோட சம்சாரம் சந்திராதேவி அம்மாவே நேத்து வந்து, அவரே உக்காந்திருக்கிற மாதிரி இருக்குன்னு கண்ணு கலங்கினாங்க. அவங்களுக்குத் தெரியாத மொகமா ஒனக்குத் தெரியும்?"

"வீட்டுல எப்படியோண்ணே. மாசாமாசம் எங்க லயத்துக்கு வந்து, படியில உக்காந்து, கொறையெல்லாம் கேட்டு எழுதிக்கிட்ட மொகம் இது இல்ல."

மூக்கு பெரிது என்றாள். கண்ணில் கடுமை தெரிகிறது என்றாள். வடிவேலு எரிச்சலோடு துணியை இழுத்து மூடப் போனார். வந்தாய், பார்த்தாய், கிளம்பு என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்படி என்னதான் அந்த முகத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்குச் செவரு எழுப்பியாச்சு, கூரை போடல. ஒங்க மெம்பர் போயிட்டாரு, இனிமே அதுல மாட்டைக் கட்டிக்குங்கன்னு கங்காணி சிரிக்கிறாரு. எம்மவ ஜெயா தெனமும் அந்தச் செவருக்குள்ள போயி வெயில்ல உக்காந்துட்டு வருது. கூரை போட்டுத் தரேன்னு அவரு எங்கிட்ட வாக்குக் குடுத்தாரு. அந்த மொகத்தைப் பார்த்து, ஏஞ்சாமி பாதியில விட்டுட்டுப் போனேன்னு ஒரு வார்த்தை கேக்கத்தான் வந்தேன். இந்த மொகத்துக்கிட்ட எனக்குக் கேக்க வரல."

வடிவேலு துணியை விட்டுவிட்டுத் தூரிகையை எடுத்தார். பொழுது விடிந்தால் திறப்பு விழா. இந்த நேரத்தில் எவனாவது மெம்பரின் மூக்கில் கை வைப்பானா? வடிவேலு வைத்தார். மூக்கைக் கொஞ்சம் இளைக்க வைத்தார். கண்ணோரச் சுருக்கத்தை அழித்தார். ஒவ்வொரு தரமும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். கால்மணி நேரத்தில் படத்தில் இருந்தவர் மெம்பர் மாதிரியும் இல்லை, வேறு யார் மாதிரியும் இல்லை. நாளைக்கு சந்திராதேவி அம்மா பார்த்தால் என்ன சொல்வார் என்று வடிவேலு தூரிகையைக் கீழே வைத்தார்.

வாசலில் சைக்கிளைச் சாத்திவைக்கும் சத்தம் கேட்டது.

"படம் காய்ஞ்சிட்டுதோ அண்ணை?" என்று கேட்டபடி உள்ளே வந்தவர், மெம்பரிடம் குமாஸ்தாவாக இருந்த குலம்.

ராமாத்தாள் விருட்டென்று எழுந்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் குலத்தையே பார்த்தாள்.

"செத்துட்டீங்கன்னுல்ல சொன்னாங்க, மெம்பர் ஐயா?"

குலம் வடிவேலுவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "ஐயாவை ஒரு தோட்டத்துக்குள்ளையும் துரைமார் விடேல்லை, அண்ணை. குமாஸ்தாவை ஆரும் மறிக்கேல்லை. மெம்பரே வந்திருக்கிறார் எண்டு நம்பினாத்தான் சனம் வாய் திறக்கும் எண்டு, அவர்தான் என்னைத் தன்ர பேரில அனுப்பினவர்," என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "அவர் கேட்டிருந்த கூரைக்குக் கவர்மெண்ட் உத்தரவு நேற்றுத்தான் வந்தது, அக்கா. வாற புதன்கிழமை தகரத்தோட வாறன்."