கோடைக்கு ஒரு பிரசங்கி

“டீச்சர் பிரசங்கம் பண்ணச் சம்மதம்னா கையைத் தூக்குங்க” என்றார் போதகர்.

ஆலயத்தின் பின்னறையில் மட்டும்தான் மின்விசிறி ஒழுங்காக ஓடியது. அதனால் கமிட்டி அங்கே கூடியிருந்தது. சுவரில் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் தொங்கின. யாரும் போட்டிருக்காவிட்டாலும் அவற்றுக்கும் வேர்த்த மாதிரிதான் இருந்தது.

கைகள் எழுந்தன. முதல் கை தையல்காரருடையது. அடுத்து, வங்கியில் வேலை பார்க்கும் பெண். ஆர்கன் வாசிப்பவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, ஒன்றை இறக்கிக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரரின் கைகள் மட்டும் மேசைக்கு அடியிலேயே இருந்தன.

எல்லோரும் அவரைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

போதகர் கோடை விடுமுறையில் போகிறார். அவர் திரும்பும்வரை ஞாயிறு பிரசங்கத்துக்குச் சபையே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். மெதடிஸ்ட் சபைக்கு அது புதிதல்ல. குருப்பட்டம் பெறாதவர்களும் பிரசங்க பீடத்தில் ஏறலாம்.

அந்த ஒருவர் தாம்தான் என்று ஒவ்வொரு கோடைக்கும் நினைத்துக்கொள்வார் மருந்துக்கடைக்காரர். வேதாகமத்தைக் கரைத்துக் குடித்தவர். அவர் கடையில் தலைவலி மாத்திரை கேட்டால் ஒரு வசனமும் சேர்ந்து வரும். சில்லறை இல்லையென்றால் இரண்டு.

மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு அலமாரிக்கு எதிரே நின்று பிரசங்கம் செய்து பார்ப்பார். இருமல் மருந்துப் புட்டிகள் வரிசையாக நின்று கேட்கும். ஒன்றுகூடத் தூங்கியதில்லை.

டீச்சருக்கு அதெல்லாம் வராது. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமைவரை அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிரசங்கத்தின் நடுவில் போதகருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தண்ணீர் குடித்தும் பேச்சு வரவில்லை. இரண்டாம் வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரர் பாதி எழுந்தார். போதகரோ முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த டீச்சரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

எழுந்த மனிதர் சும்மா உட்கார முடியாது. ஜன்னலுக்குப் போய், ஏற்கெனவே திறந்திருந்த கதவை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு வந்தார்.

டீச்சர் பீடத்தில் ஏறவில்லை. கீழேயே நின்று பேசினார். எந்த வசனம் என்றுகூடச் சொல்லவில்லை.

இறந்துபோன தன் குழந்தையைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு வெகுகாலம் ஆலயத்தில் தன் உதடு மட்டும்தான் ஜெபித்தது என்றார். கடவுளோடு பேச்சை நிறுத்தியிருந்தாராம். ஒருநாள் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாளி நிறைந்து வழிகிறது, குழாயை மூடத் தோன்றவில்லை. திடீரென்று, “சரி, இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டாராம். அவ்வளவுதான், பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது என்றார்.

ஆலயத்தில் விசிறிக்கொண்டிருந்த அட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. தையல்காரர் வெளிப்படையாகவே அழுதார். சிலர் திரும்பி மருந்துக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

சொந்தக் கதையெல்லாம் பிரசங்கமா?

அந்த வாரம் கடைக்கு வந்தவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. டீச்சர் சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது என்று ஒரு பெண் அவரிடமே சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தையல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. ஜன்னலோரம் நின்று கேட்ட ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சலுக்குக் கடையில் மாத்திரை இருந்தது. போட்டும் பார்த்தார்.

“நீங்க ஒண்ணும் சொல்லலையே ஐயா” என்றார் போதகர், கமிட்டி மேசைக்கு அந்தப் பக்கமிருந்து.

“அதான் எல்லாரும் சொல்லிட்டாங்களே.”

சொல்லிவிட்டு எழுந்தார். டீச்சர் முன்பக்க வராந்தாவில் முடிவுக்காகக் காத்திருந்ததால், பின்கதவு வழியாக இறங்கினார். மண்டை பிளக்கும் வெயில். சுவரோரம் நிழல் இருந்த இடமெல்லாம் ஒண்டி ஒண்டி நடந்தார்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. கதவு பூட்டியிருந்தது. சாவி டீச்சரிடம் இருந்தது.

படியில் உட்கார்ந்தார். படி சுட்டது. எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துத் தெருமுனையில் குடை தெரிந்தது. அவள் அவசரப்படாமல் வந்தாள். கைப்பையில் சாவியைத் துழாவிக்கொண்டே, “நீங்க மட்டும் கை தூக்கலையாமே” என்றாள். குரலில் கோபம் இல்லை.

அவருக்கு நாலு நல்ல பதில்கள் தயாராக இருந்தன. ஆதியாகமத்திலிருந்தே தொடங்கியிருக்கலாம். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

“நம்ம பிள்ளை போனப்புறம் நீ ஜெபம் பண்ணலேங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். மத்தவங்களோட சேந்து உக்காந்து கேக்கறேன் நான்.”

பையைத் துழாவிய கை நின்றது.

அவள் கதவைத் திறக்கவில்லை. அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். படியில் உட்கார்ந்து, குடையை இருவருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

“அங்க சொல்லாதது இன்னும் நெறைய இருக்கு” என்றாள்.