நாற்பது சென்டிமீட்டர்

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், அருகில் ஒரே ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். பிறகு மாற்ற முடியாது.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் அந்தத் தூரத்தை நிரப்பியவள் என் மனைவி நறுமுகை. கட்டிலில் படுத்து, இன்ச் டேப் பிடித்து, முகத்துக்கு முகம் நாற்பது என்று எழுதினாள்.

“கண்ணாடியக் கழட்டினா நான் யாருன்னே உனக்குத் தெரியறதில்லடா.”

அவள் இறந்த நான்காம் மாதம் ஆபரேஷனுக்கு என் முறை வந்தது.

“கம்ப்யூட்டருக்கு அறுபதுதான் சார் வசதி. எல்லாரும் அதான் வெக்கிறாங்க. மாத்திரலாமா?” என்றார் டெக்னீஷியன்.

“நாற்பதே இருக்கட்டும்.”

ஆபரேஷன் முடிந்து, மதியம் வீட்டுக்கு வந்து படுத்தேன். கட்டிலின் தலைமாட்டில், அவள் பக்கம், ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு முடி சிக்கியிருந்தது.

நான்கு மாதமாக அங்கேதான் இருந்திருக்கிறது.