மாடிப்படி விளக்கு

"அப்பா, மேல் சுவிட்சைத் தட்டுங்க!"

"தட்டிட்டேன். எரியுதா?"

"எரியுது. இன்னொரு தரம் தட்டுங்க!"

"இப்போ?"

"போச்சு! இப்போ கீழ் சுவிட்ச் செத்துப்போச்சு!" சின்-யீ டெஸ்டரைப் படிக்கட்டில் விட்டெறிந்தாள்.

தைவானின் கீலுங் நகரத் துறைமுகத் தெருவில் எந்த வீட்டில் கரண்ட் கோளாறு என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டு மாடிப்படி விளக்கு மட்டும் வாரம் தவறாமல் மக்கர் செய்தது. இரண்டு சுவிட்சையும் மாற்றியாயிற்று, ஒயரையும் புதிதாக இழுத்தாயிற்று. ஆனாலும் மேல் சுவிட்சில் ஒரு ஒயர் மட்டும் கழன்று கழன்று நின்றது.

"வேற எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வரட்டுமாடி?" என்று எதிர்ச்சாரி மீன் உருண்டைக் கடை லோ அக்கா வேறு சீண்டினாள். சின்-யீக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவுக்கு முழங்கால் வலி. தினமும் அவள் மாடியில் வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுவார். லைட் வேலை என்றால் மட்டும் முதல் குரலுக்கே சுவிட்சடியில் வந்து நிற்பார்.

"போதும்ப்பா! இருட்டுல நீங்க உருண்டு விழுந்தா யாரு பார்க்கிறது? தைச்சுங்ல அண்ணன் வீட்டுல லிஃப்ட் இருக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டு விட்டுடறேன். இனிமே அங்கேயே இருங்க."

டெஸ்டரைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மழை வலுத்துவிட்டது. வெளிவேலை நடக்காமல் பாதியிலேயே திரும்பினாள். வீட்டில் மெயின் அணைந்திருந்தது. பதறிப்போய் மாடியேறினாள்.

மேல் சுவிட்சின் மூடி திறந்து கிடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, திருப்புளியும் கையுமாக அப்பா.

"ஐயோ, கையை எடுங்கப்பா! உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"மெயினை அணைச்சுட்டேன்மா. நல்லா இறுக்கிட்டேன், இனிமே கழலாது." திருப்புளியை மடியில் வைத்தார். "என்னை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடாதே."

சின்-யீ அந்த ஒயரை இழுத்துப் பார்த்தாள்; அசையவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்: "இத்தனை நாளும் கழட்டி விட்டது நீங்களா? ஏன்ப்பா?"

அவர் நிமிராமல் சொன்னார்:

"இது கெட்டாத்தானேம்மா நீ என்னைக் கூப்பிடுற."