பெர்கோலாவா, ஆர்ச்சா?

"எனக்கு பெர்கோலாதான் வேணும். நாலு தூணு வச்சு, மேல சட்டம் சட்டமா போட்டு, கீழ பத்து பேரு உக்கார்ற மாதிரி!" என்றார் சந்திரம்மாள். பட்டறைக்குள் நுழைந்து இன்னும் உட்காரக்கூட இல்லை.

"அதெல்லாம் இன்னாத்துக்கு? வளைவா ஒரு ஆர்ச்சு போதும். மல்லிக்கொடி ஏத்திவுட்டா ஜம்முனு இருக்கும்" என்றார் அவருடைய கணவர் நரசிம்மன்.

அறிவுமதி இரும்பு அறுக்கும் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். வல்லம் வடகாலில் அவள் இந்தப் பட்டறையைத் திறந்து மூன்று மாதம் ஆகிறது. கார் கம்பெனியில் ஆறு வருஷம் வெல்டிங் லைனில் நின்றவள். நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தபோது ஊரே கைகொட்டிச் சிரித்தது. இதுவரை வந்ததெல்லாம் ஜன்னல் கம்பியும் நாய்க்கூண்டும்தான். பெர்கோலா என்றதுமே அவளுக்கு மனசு துள்ளியது. அப்படி ஒன்றைச் செய்து நிறுத்திவிட்டால் சுற்றுவட்டாரத்தில் பேர் பரவிவிடும்.

"உக்காருங்கம்மா. சார், நீங்களும். எங்க வைக்கணும்?"

"படப்பைல, வூட்டுக்குப் பின்னாடி. அது இருக்கட்டும், ஓனரு எங்க?"

"நான்தாம்மா ஓனரு. வெல்டரும் நான்தான்."

சந்திரம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளப் புள்ள நெருப்புல நிக்கிறியே, மூஞ்சி கறுத்துப் போவாது?"

"போனா போவட்டும்மா. நான் பத்த வச்ச எடம் எப்பவும் வுட்டுப் போவாது. எனக்கு அதான் பெருமை."

சுவரோரம் ஒரு கேட் சாய்ந்திருந்தது. சந்திரம்மாள் போய் அதன் இணைப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவினார், நகத்தால் சுரண்டினார். கத்திரிக்காயில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது, முகம் சுருங்கியது.

"எடம் எவ்ளோ அகலம்மா?" என்று கேட்டாள் அறிவுமதி.

"பத்தடி" என்றார் சந்திரம்மாள்.

"இருபதடி" என்றார் அதே நேரத்தில் நரசிம்மன்.

மனைவி முறைத்த முறைப்பில், "பத்துதான், பத்துதான்" என்று உடனே இறங்கி வந்தார்.

அறிவுமதி ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"உள்ளதச் சொல்லட்டாம்மா? பத்தடில நாலு தூண நட்டா, பத்து பேரு எங்க உக்கார்றது, முட்டிக்கும். அப்புறம் அது துணி காயப்போடத்தான் ஆவும். சார் சொல்ற ஆர்ச்சுதான் சரி. நாலடி அகலம், உள்ளயே சின்னதா ஒரு பெஞ்சு. ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிக்கலாம்."

"ஏம்மா, பெர்கோலான்னா உனுக்குப் பெரிய வேல. வர்ற ஆர்டர நீயே வாணாங்கிறியே?" என்று கேட்டார் சந்திரம்மாள்.

"எனுக்கும் ஆசையாத்தான் கீது. ஆனா வர்றவங்க போறவங்க 'இத எந்தக் கூறுகெட்டவன் செஞ்சான்'னு கேட்டா, என் பேரத்தான சொல்லுவீங்க?"

நரசிம்மன் சிரித்துவிட்டார். சந்திரம்மாள் சிரிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாங்க வேற எடத்துல குடுத்துக்கிறோம். ஒரகடத்துல ஒருத்தரு கேட்டத அப்டியே செஞ்சு தர்றாராம்."

மூன்று மாதமாகக் காத்திருந்த வேலை வாசல்படி இறங்கப் பார்க்கிறது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், நிறுத்திவிடலாம். அறிவுமதிக்கு மனசு வரவில்லை.

"தாராளமா குடுங்கம்மா. அவருகிட்டயும் அளவ மட்டும் சரியாச் சொல்லிடுங்க."

வாசல் வரை போன சந்திரம்மாள் நின்றார். திரும்பி வந்தார்.

"நல்லா புடிவாதம் புடிக்கிற. சரி, ஆர்ச்சே போடு. எப்ப ஆரம்பிப்ப?"

அறிவுமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் விடவில்லை. "நாளைக்குக் காலைல டேப்போட வரேன். ஒருத்தரு பத்துன்னீங்க, ஒருத்தரு இருபதுன்னீங்க. எடத்தப் பாக்காம நான் ஒரு பைப்பு கூட வெட்ட மாட்டேன். வூட்டு அட்ரஸ் சொல்லுங்க."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நரசிம்மன் தொண்டையைக் கனைத்தார். "நீயே சொல்லிடு" என்று மனைவி பக்கம் தள்ளிவிட்டார்.

சந்திரம்மாள் அறிவுமதியின் கையைப் பிடித்துக்கொண்டார். பொறி பட்ட தழும்புகளைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

"எங்க வூடு ரெண்டாவது மாடிம்மா, பின்னாடி தோட்டமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. 'வூட்ல வந்து பொண்ணு கேக்கச் சொல்லு'ன்னு கார் கம்பெனி லைன்ல உன்கூட நின்ன அன்புகிட்ட சொன்னியாமே, அவனப் பெத்தவ நான். இரும்பு அறுக்குற பொண்ணு வாணாம்னு சொல்றதுக்கு ஒரு கொறையத் தேடித்தான் வந்தேன், ஒண்ணும் கெடைக்கல. வர்ற ஞாயித்துக்கெழம தாம்பூலத் தட்டோட வரோம், உங்கப்பாகிட்ட சொல்லி வை."