மணலில் குதிரைகள்

கை உடைந்ததற்குக் குதிரைகளைக் குற்றம் சொல்ல முடியாது. அவை ஓர் இரவுப் பயணத் தொலைவில், கடற்கரையில், தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

இவர்தான் மாடிப்படியில் குப்புறப் படுத்து, பக்கத்து வீட்டு நாயைக் குதிரையாகப் பாவித்து, அது ஓட ஓடக் கேமராவைத் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தார். நாய் நின்றது. இவர் நிற்கவில்லை. கடைசிப் படிவரை போய்த்தான் நின்றார்.

கேமராவைப் பச்சைக் குழந்தை மாதிரி மேலே தூக்கிப் பிடித்திருந்ததால் அதற்கு ஒரு கீறலும் இல்லை. வலது மணிக்கட்டு மட்டும் போயிற்று. நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் தனக்கு வேலையில்லை என்று போய்விட்டது.

“படுத்துக்கிட்டே கையை உடைச்ச மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்றாள் மனைவி, ஆட்டோ பிடிக்க ஓடிக்கொண்டே.

மருத்துவமனையில் இன்னும் மானம் போயிற்று. அங்கே எக்ஸ்ரே எடுப்பவரே இவர்தான். ‘அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க’ என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வார்டு வார்டாக ‘மூச்சுப்பிடி சார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டவர்.

கூட வேலை செய்யும் பெண் படம் எடுத்தாள். எடுத்து, இவர் பார்க்காதபடி திரையைத் திருப்பிக்கொண்டாள்.

“உடைஞ்சிருக்காம்மா?”

“டாக்டர் சொல்வார் சார்.”

எடுப்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் இவரே. எத்தனையோ பேர் இதே மேசையில் படுத்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் இதே பதிலைத்தான் இவரும் சொல்லியிருக்கிறார். அது இவ்வளவு கசக்கும் என்று யாரும் இவரிடம் சொன்னதில்லை.

டாக்டரும் நேராகச் சொல்லவில்லை. குதிரைகளைப் படம் எடுக்கக் கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, “பார்ப்போம்” என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை பஸ். சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. அது பறக்காமல் இருக்க மாவுக்கட்டுக் கையையே அதன்மேல் வைத்திருந்தார். கட்டு போட்டதில் கண்ட ஒரே லாபம்.

ஆசை வந்த கதை சின்னது. ஒருநாள் காத்திருப்பு அறையில் யாரோ விட்டுப்போன பழைய பத்திரிகையைப் புரட்டினார். முழுப் பக்கத்துக்குக் கடல். அதன் விளிம்பில் குதிரைகள். கயிறில்லை, சேணமில்லை, லாடமில்லை, ஆளில்லை. நடுவில் ஒன்று, நாலு காலும் தரையில் படாமல்.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

எந்த எலும்பு எவ்வளவு கனம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு கணத்தில், அத்தனை கனத்தையும் எந்த எலும்பும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை.

வெளியே யாரோ இருமினார்கள். வரிசையில் ஆள் நின்றது. அன்றைக்கு முதல் முறையாக, ‘மூச்சைப் பிடிங்க’ என்று சொல்லிவிட்டு, ‘விடுங்க’ என்று சொல்ல மறந்தார். பாவம், அந்தப் பெரியவர் கண் பிதுங்கிப்போனார்.

அசையாததை மட்டுமே ஆயுள் முழுக்கப் படம் பிடித்தவருக்கு, ஓடுவதை ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ‘அடுத்த வருஷம்’ என்றே போயிற்று. இந்த முறைதான் லீவு எழுதிக் கொடுத்தார், கேமரா வாங்கினார், கடற்கரை விடுதியில் அறை சொன்னார். இதையும் தள்ளிப்போட்டால் அப்புறம் போகவே மாட்டார். அது அவருக்கும் தெரியும். மனைவிக்கும் தெரியும், அதனால்தான் அவள் கட்டி வைத்த பையை இன்னும் பிரிக்கவில்லை.

“போன் போட்டுக் கேளுங்க. கேன்சல்னா கேன்சல். இப்படி வரைபடத்தைத் தடவிக்கிட்டே இருந்தா குதிரை வந்து கையை நக்குமா?”

இடது கையால் எண்ணை அழுத்தினார்.

விடுதிக்கார அம்மாவும் இதுவரை ஒன்றையும் நேராகச் சொன்னதில்லை. குதிரை வருமா என்றால், “காத்து எப்படியோ அப்படி.” எந்தப் பக்கம் நின்றால் நன்றாகத் தெரியும் என்றால், “வந்து நின்னாத் தெரியும்.” எக்ஸ்ரே அறையில் உட்காரவைக்கலாம், அவ்வளவு கெட்டிக்காரி.

“அம்மா, வலது கையில கட்டு போட்டிருக்கு. கேமராவைத் தூக்க முடியாது, பட்டனை அமுக்க முடியாது. நான் வந்து பிரயோஜனம் உண்டா, இல்லையா? இதையாவது பட்டுனு சொல்லிடுங்க.”

 போனில் அலைச் சத்தம் கேட்டது. காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கத்தி நின்றது.

“சார், எங்க கூடத்துச் சுவர் முழுக்கப் படம் மாட்டி வச்சிருக்கேன். இங்க வந்துட்டுப் போனவங்க அனுப்பினது.”

“குதிரைங்களா?”

“ஒண்ணுகூட இல்ல. எல்லாம் அவங்கவங்க கால். ஈர மணல்ல செருப்பு, கட்டைவிரல், மடிச்சுவிட்ட பேன்ட்டு. பெரிய பெரிய கேமரா தூக்கிட்டு வந்தவங்கதான். குதிரைங்க கூட்டமா கரையோரம் வர்றப்ப, கை தானாக் கீழ தொங்கிடுது. விரல் மட்டும் பழக்கத்துல அமுக்கிடுது. ஊருக்குப் போய்ப் பார்த்துட்டு, சிரிச்சு எழுதி எனக்கு அனுப்பி வைக்கிறாங்க.”

அலைச் சத்தத்துக்கு மேலே அந்த அம்மா குரலை உயர்த்தினாள்.

“அத்தனையும் கை நல்லா இருந்தவங்க எடுத்தது சார். நீங்க வாங்க.”