மூச்சில் வரைந்த மீசை

கூடத்துச் சுவரில் தொங்கிய கண்ணாடிக்குப் பழைய நினைப்பு விடவே இல்லை.

“வெண்ணிலா என் முகத்தில் ‘ஹா’ என்று மூச்சு விடுவாள். நான் மங்கிப்போவேன். அதில் விரலால் மீசை வரைந்து, மீசையே வைக்காத அப்பாவை இழுத்து வந்து அதற்கு நேராக நிறுத்துவாள். என்ன சிரிப்பு!”

“போதும்ப்பா,” என்றது பக்கத்தில் செருகியிருந்த சீப்பு. “அவள் வேலை கிடைத்து வெளியூர் போயாச்சு. விட்டதுமே காய்ந்துபோகிற மூச்சு. அதைப் போய்க் கட்டிக்கொண்டு அழுகிறாயே!”

கண்ணாடிக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்குப் புது பீரோ வந்தது. அதில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. மறுநாளே பழைய சாமான்காரர் வாசலில் வந்து நின்றார்.

“இருங்க, துடைச்சுத் தர்றேன்,” என்று அப்பா சுவர்க் கண்ணாடியைக் கழற்றினார். துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணாடியை முகத்தருகே தூக்கி, ‘ஹா’ என்று மூச்சு விட்டார்.

மங்கிய கண்ணாடியில், அவர் மூக்குக்குக் கீழே, முறுக்கு மீசை ஒன்று மெல்ல எழுந்து வந்தது.

“என்ன சார், தர்றீங்களா?” என்றார் வாசலில் நின்றவர்.

அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. மீசை மறைவதற்குள் அவசரமாக இன்னொரு முறை மூச்சு விட்டார்.